நீலமும் மஞ்சளும்

1972. ஜிட்டோமிர் நகருக்குப் பக்கத்துப் பீங்கான் ஆலையின் வண்ணக்கூடத்தில் வெயில் மேசைமேல் சாய்கிறது. மெலானியா வண்ணம் தீட்டி முடித்த நடனப்பெண் பொம்மையை மேலதிகாரி ஹோர்தி நகத்தால் தட்டுகிறார். பொம்மையின் பூக்கிரீடத்திலிருந்து இரண்டு ரிப்பன்கள் தொங்குகின்றன. ஒன்று நீலம், பக்கத்திலேயே மஞ்சள். "தடை பண்ணின பழைய தேசியக் கொடி நிறத்தை எங்க கொண்டு வந்து வச்சிருக்க பாரு! சிவப்பு பூசு. ஜெயிலுக்குப் போக ஆசையா?" "எங்க ஊர்ப் பொண்ணுங்க இப்படித்தான் கட்டுவாங்க, தோழரே." "ஊராம் ஊரு! பூசுடி." கூடத்தில் எல்லாத் தூரிகைகளும் நின்றுவிடுகின்றன. மெலானியா தூரிகையைச் சிவப்பில் தோய்த்து ரிப்பன்களை மறைக்கிறாள். அதோடு கை நிற்கவில்லை. பூத்தையல் சட்டை, கழுத்து, கன்னம், கண் எல்லாவற்றையும் சிவப்பால் மூடி, ஈரம் சொட்டும் பொம்மையை அவர் கையில் திணிக்கிறாள். "இப்ப இவ எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. எடுத்துட்டுப் போங்க."