நாலாவது மாடியில் நிற்கும் லிஃப்ட்

"டாக்டர், நீங்க ஏறினா மட்டும் லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குதே, பட்டனைத் தட்டுறீங்களா?" என்று கேட்டார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"என் வீடு ஏழாவது மாடி. நாலுல எனக்கென்ன வேலை?" என்றார் பல் டாக்டர்.

வேலை இருந்தது. கோபித்துக்கொண்டு போன அவர் மனைவி நாலாவது மாடியில், தன் அக்கா வீட்டில்தான் இருந்தாள். ஒரு வருடமாகப் பேச்சில்லை. லிஃப்ட் கதவு திறந்தால் எதிரே அவள் செருப்பு தெரியும். அதைப் பார்த்துவிட்டு மேலே போனால்தான் டாக்டருக்குச் சோறு இறங்கும்.

லிஃப்டைச் சரிபார்க்க வந்திருந்த மெக்கானிக் லேப்டாப்பைத் தட்டினான். சாதாரண லிஃப்ட் அல்ல அது. அவரவர் கைக்கடிகாரத்தோடு பேசி, மனசைப் புரிந்துகொண்டு ஓடுவது. போன மாதம் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்று தானே ஊகித்து, நடுவில் காத்திருந்த யாரையும் சட்டை செய்யாமல், நேரே அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது.

"டாக்டர் பட்டனைத் தொடவே இல்ல சார். நாலாவது மாடி நெருங்கினா இவருக்கு நெஞ்சு தடதடன்னு அடிக்குது. வாட்ச் அதைப் போட்டுக் குடுக்குது. இவருக்கு அங்கதான் இறங்க ஆசைன்னு லிஃப்ட் அர்த்தம் பண்ணிக்குது."

செயலாளர் சிரித்தார். "இறங்கித் தொலைய வேண்டியதுதானே டாக்டர்?"

டாக்டர் முகம் சிவந்தது. "அவ வந்து கூப்பிடட்டும்! தம்பி, என்னைப் பத்தி அது கத்துக்கிட்டதை எல்லாம் அழிச்சுடு."

"அப்புறம் நிக்காதே?"

"நிக்க வேணாம்."

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மறுநாள் மாலை கிளினிக்கிலிருந்து வந்து லிஃப்டில் ஏறினார். இரண்டு, மூன்று... கண்களை இறுக மூடிக்கொண்டார்.

லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

லிஃப்டுக்குள்ளேயே நின்று மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். "என்னப்பா கிழிச்சே? மறுபடி நாலுல நிக்குது!"

"உங்களோடதை நேத்தே அழிச்சாச்சு டாக்டர். இருங்க, பார்க்கிறேன்... அட, இது அந்த மாடியில இருக்கிற உங்க வீட்டம்மாவோட வாட்ச்! கேட் கேமராவுல நீங்க நுழையறது அவங்க வீட்டுத் திரையில தெரியுதுல்ல, அப்பவே அவங்களுக்கும் தடதடன்னு ஆரம்பிச்சுடுது. அதையும் அழிச்சுடவா?... டாக்டர்? ஹலோ?"

லிஃப்ட் ஏழாவது மாடிக்குக் காலியாகப் போய்ச் சேர்ந்தது.