ஜோடி போன மவுஸ்

வயரில்லாத அந்த மவுஸை, கண் திறக்கும் முன்பே ஃபேக்டரியில் ஒரு குட்டி ரிசீவரோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். ரகசியச் சொல் அவை இரண்டுக்கு மட்டுமே தெரியும். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டபோது, அதன் இடுப்பில் செருகியிருந்த ரிசீவரும் கூடவே போய்விட்டது. கழற்றிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மவுஸ் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அண்ணே, என்னையும் சேத்துக்கங்க. சக்கரம் சுத்துது, விளக்கு எரியுது. எனக்கு ஒரு குறையும் இல்லை."

"நீ வேற ஒருத்தருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவளாச்சேம்மா."

"நான் எங்கண்ணே பண்ணேன்? அவங்களா பண்ணி வெச்சாங்க."

"பாவம்தான். ஆனா பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கே" என்றது கம்ப்யூட்டர்.

மறுநாள் புது மவுஸ் ஒன்று தன் ரிசீவரோடு வந்து இறங்கியது. மேஜைக்காரர் பழையதைக் கடைசியாக ஒருமுறை நகர்த்திப் பார்த்தார். திரையில் அம்பு அசையவில்லை.

"இது கெட்டுப்போச்சு" என்று குப்பைக்கூடையில் போட்டார்.

கூடைக்குள் அதன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. புது மவுஸ் எட்டிப் பார்த்து மெல்லக் கேட்டது:

"அக்கா, உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா. ரிசீவர்தான் போயிடுச்சு."

புது மவுஸ் சட்டென்று திரும்பித் தன் ரிசீவரைப் பார்த்தது. கம்ப்யூட்டரின் இடுப்பில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.