மஞ்சள் கோட்டுக்கு இப்பால்

உப்சாலாவின் குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்கே வெயில் சாய்கிறது. ஆய்வகத் தரையில் ஓடும் மஞ்சள் கோட்டுக்கு இப்பால் குன்வோர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து அவள் அதைத் தாண்டக்கூடாது. அப்பால் இருப்பது காந்தம். கூட வேலை பார்க்கும் சிக்ஸ்டன் தன் கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் அவள் மடியில் போட்டுவிட்டு, காந்தத்தருகே குனிந்து நிற்கிறான். அதன் நடுவே ஒரு குழாயில், பதினோரு வருடமாக அவள் அரைத்து அரைத்துக் கண்ணுக்கே தெரியாத மணிகளாக்கிய சாம்பல்நிறப் பொடி. காந்தம் நெருங்கினால் பொடி சூடாகிறது, விலகினால் குளிர்கிறது. சூட்டைத் தண்ணீர் கொண்டுபோய்விடுகிறது; மிஞ்சும் குளிர், பக்கத்திலுள்ள செப்புத் தகட்டைக் காற்றின் ஈரம் படிந்து வேர்க்கும் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். தூங்குகிறவரின் மூச்சைப்போலக் காந்தம் போய்வந்துகொண்டிருக்கிறது. வெளியே பனி ரோஜா நிறத்தில் மினுங்குகிறது. "சன்னலத் தொறந்தா இதவிடக் குளிரு சும்மாவே கெடைக்கும்," என்கிறான் சிக்ஸ்டன். "பேசாம தகட்டப் பாரு," என்கிறாள். பார்க்கிறான். அவன் குரல் இறங்கிவிடுகிறது. "குன்வோர், வேர்த்திருக்கு." மூன்று குளிர்காலமாக வறண்டே கிடந்த செப்புத் தகட்டில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருக்கிறது. அவன் ஒரு துளியை விரல்நுனியில் எடுத்து, சிந்தாமல் ஒன்பது அடி நடந்து, கோட்டைத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டில் வைக்கிறான். அதற்குள் அவன் உடம்புச் சூட்டை வாங்கித் துளி வெதுவெதுப்பாகிவிட்டிருக்கிறது. "சில்லுனு இருக்கா?" என்று கேட்கிறான். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட இதுவரை கூட்டிச் சொல்லாத குன்வோர், துளியைத் துடைக்காமல், "நல்லா சில்லுனு இருக்கு," என்கிறாள்.