பதினேழாம் நம்பர்

ரத்தப் புற்றுநோயாளிகளின் மரபணுச் செயல்பாட்டை வைத்து ஆயுளைக் கணிக்கும் இளம் ஆய்வாளன் லாக்லனின் புரோகிராம், நூறு பேரில் ஒருவரிடம் மட்டும் சறுக்கியது. அடிலெய்டு ஆய்வகப் பதிவேட்டில் நோயாளிகள் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான்.

“பதினேழு ஒரு வருஷம்கூடத் தாங்காதுன்னு கணிப்பு. பதிவேட்டுல ஒன்பது வருஷமா உயிரோட இருக்காம்! எவனோ தப்பா எழுதியிருக்கான்,” என்று அலுத்துக்கொண்டான் லாக்லன்.

தேநீர் வண்டியோடு வந்த தன்னார்வலர் மார்லீன் சிரித்தாள். “அதுக்கு என்ன பண்ணப் போறே, தம்பி?”

“இறந்துட்டதா மாத்திடுறேன். நூத்துக்கு நூறு!”

“தாராளமா மாத்து. முதல்ல டீயைக் குடி.”

குடித்தான். “பிரமாதம், மார்லீன்!”

அவள் பர்ஸிலிருந்து பழைய சிகிச்சை அட்டையை எடுத்து நீட்டினாள். நோயாளி எண்: 17.

“நாளையிலேருந்து நீயே போட்டுக்கோ. செத்தவ எப்படி டீ கொண்டுவருவா?”