ஏழு கிலோவுக்குள்

கம்ப்யூட்டருக்குள் வைக்கிற மூன்றாவது விசிறியையும் காதருகே வைத்துக் கேட்டாள்.

இதுவும் சரியில்லை. உள்ளே மெல்லிய கீச்சு இருந்தது. கடைக்காரர் நாச்சிமுத்துவுக்கு அது கேட்கவே இல்லை. அவளுக்குக் கேட்டது. காந்திபுரத்து ஹாரன் அத்தனைக்கும் நடுவில் கேட்டது.

பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் ஒன்பது வருடம். பேரிங் தேயப் போவதை மோட்டாருக்கு முன்பே தெரிந்துகொள்கிற காது.

அந்தக் காதை நம்பித்தான் தம்பி தரணி பொறுப்பை ஒப்படைத்திருந்தான். கேம் விளையாட அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். சத்தமே வரக் கூடாது.

அப்பாவின் கட்டிலை ஒட்டியிருக்கும் ஸ்டூலில் வைக்கப் போகிறானாம். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சின்னச் சத்தம்கூட ஆவதில்லை. இனிமேல் சாயங்காலமெல்லாம் அவர் பக்கத்திலேயே இருப்பேன், நீ கொஞ்சம் நிம்மதியாக இரு என்றான்.

அதைக் கேட்டு அன்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வயதில் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று.

ஒரு மாதமாக அவளுக்கு இதே வேலை. கிராபிக்ஸ் கார்டில் இருப்பதிலேயே குட்டையானது. பிராசஸர் மேல் உட்காரும் கூலரில் உயரம் குறைந்தது. பெட்டிக்குள் காற்று போக வழி விட்டால் பெட்டி பெருத்துவிடும். வழி விடாவிட்டால் சூடேறி விசிறி கத்தும். ஒரு விரல் இடத்துக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அளவையும் அவனே எழுதிக் கொடுத்திருந்தான். அகலம் இருபது சென்டிமீட்டருக்குள். எடை ஏழு கிலோவுக்குள்.

ஸ்டூல் தாங்காதுக்கா என்றான்.

நம்பினாள். ஸ்டூல் உளுத்துப்போனதுதான்.

இதற்கு நடுவில்தான் கம்பெனியில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அகமதாபாத்தில் புதுச் சோதனைக்கூடம். அதற்கு அவளே தலைமை.

தரணியோடு உட்கார்ந்து பேசினாள். அப்பாவை விட்டுவிட்டு இரண்டு பேருமே எங்கேயும் போவதில்லை என்று முடிவாயிற்று. அதை முதலில் சொன்னதே அவன்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

வியாழக்கிழமை, வர இயலாது என்று எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

இன்று சனிக்கிழமை.

நான்காவது விசிறி சரியாக இருந்தது. பெரியது, மெதுவாகச் சுற்றுவது. எல்லாவற்றையும் பூட்டி ஒரு கேமை ஓடவிட்டார்கள். பெட்டிமேல் காதை வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. தராசில் வைத்தார்கள். ஆறு கிலோ எழுநூறு. சின்னப் பெண் மாதிரி சிரித்துவிட்டாள்.

நாச்சிமுத்து உள்ளே போய் ஒரு ஒயரை எடுத்து வந்தார். தடித்த பிளக், அதில் இரண்டே முள். ஒயர் மாறி வந்துவிட்டது, நம் ஊருக்கு மூன்று முள்தானே என்றாள்.

"அது ஜெர்மனிக்குங்க. தம்பி போன்ல சொல்லி வெச்சிருந்தாருங்க. அடுத்த மாசம் பத்தாம் தேதி பிளைட்டாமுங்களே."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

பிறகு ஏழு கிலோ புரிந்தது. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக விடுகிற எடை. இருபது சென்டிமீட்டர், தலைக்கு மேலே இருக்கும் தட்டில் நுழைகிற அகலம்.

ஸ்டூலாம், ஸ்டூல். படுபாவி.

கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தேதியோடு தெரிந்திருக்கிறது. தினமும் அவனுக்குச் சோறு போடுகிறவளுக்குத் தெரியவில்லை.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போடா என்றிருப்பாள். அழுதுகொண்டாவது அனுப்பியிருப்பாள். படுத்துக் கிடக்கிற மனுஷனை முன்னால் நிறுத்தி, அவள் காதையே வேலை வாங்கி, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். அவள் எழுதிக் கொடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் போய்விட்டால் அப்பாவுக்கு யார் என்ற கேள்வி வந்துவிடும் அல்லவா. அது வராமல் பார்த்துக்கொண்டான்.



போன் அடித்தது. தரணி. ஏழு கிலோவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டதா அக்கா என்று கேட்பான். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து பெட்டியை உறையில் போடப் போனார். அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய், நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்.

"இருக்கறதுலயே பெரிய பெட்டியா ஒண்ணு எடுங்கண்ணா. இரும்புல."

பரண்மேல் ஒன்று கிடந்தது. யாரும் வாங்காத பழைய மாடல். தூசி தட்டி இறக்கினார். பாகங்கள் ஒவ்வொன்றையும் அவளே அதற்குள் மாற்றினாள். ஒரு திருகு பாக்கியில்லாமல் இறுக்கினாள். மறுபடி ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். இரண்டு முள் ஒயர் மேஜையிலேயே கிடந்தது.

ஆட்டோ வரைக்கும் இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பதினாறு கிலோ வருமுங்க என்றார் நாச்சிமுத்து, மூச்சு வாங்க.

அவளுக்கு அது பத்தாது போலிருந்தது.