மூன்றாவது தட்டு

"இன்னிக்கு என் கையக் காப்பாத்துனவனக் கூட்டினு வரேன், சமைச்சு வை" என்று காக்களூர் கம்பெனியிலிருந்து சாம்சன் போன் செய்திருந்தான். அவன் மனைவி சோனியா மீன் குழம்பு வைத்து, மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.

சாம்சன் தனியாக வந்தான்.

"எங்க அவுரு?"

சாம்சன் தன் போனை மூன்றாவது தட்டருகே வைத்தான். அவள் தினமும் திட்டும் சண்டை கேம். திரையில் அதன் ஹீரோ விளம்பரத்தில் வரும் வெள்ளை உடையில் இல்லை. சிவப்பு உடையில் நின்றான்.

"இன்னா, விளையாடுறியா?"

"வெள்ள டிரெஸ்ல வந்தா ஒரு பட்டன் அமுக்குனாலே அடிப்பான். செவப்புல வந்தா ரெண்டு கையாலயும் சேர்த்து அமுக்கணும். நான் எப்பவும் இவனத்தான் எடுப்பேன்."

"அதுக்கு?"

"தகடு அடிக்கிற பிரஸ் மெஷினுக்கும் ரெண்டு பட்டன், ரெண்டு கையும் வெளிய இருக்கணும்னு. சீக்கிரம் வேல ஆவணும்னு ஒண்ண அமுக்குனாப்புல டேப் சுத்தி வச்சிருக்கோம். இன்னிக்கு உள்ள சாஞ்ச தகட எடது கையால சரி பண்ணிக்கினே வலது கையால அமுக்குனேன். பழக்கத்துல எடது கையும் தானா பட்டனுக்கு ஓடிச்சு. அடுத்த செகண்டு மெஷின் எறங்கிடுச்சு. டேப்ப அப்பவே பிச்சிப் போட்டேன்."

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினான்.

சோனியா போனைப் பார்த்தாள். பேட்டரி குறைந்திருந்தது. எழுந்து போய், அவளே சார்ஜில் போட்டாள்.