அவள் நிறம்

“கையில தடவிப் பாக்காதீங்க சார். கைக்கும் முகத்துக்கும் ஒரே நிறம் இருக்காது” என்றாள் கலர் டாக்டர்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர்கள் கடையில் கூட வேலை பார்க்கிற பெண்கள். பத்து வருடமாக, முகத்தின் நிறத்துக்கேற்பப் பூசுகிற ஃபவுண்டேஷன் விற்கிறாள். ஒரு முகத்தைப் பார்த்தால் போதும், அலமாரியில் இருக்கிற முப்பத்தாறு பாட்டிலில் எது பொருந்தும் என்று திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் முகத்தைக் கூட்டி வராமல் நிறம் மட்டும் கேட்டு வந்த முதல் ஆள் இந்தப் பெரியவர்தான்.

“யாருக்கு சார்?”

“என் வீட்டுக்காரம்மாவுக்கு.”

“அவங்களையே கூட்டிட்டு வந்துருங்களேன். தாடை ஓரமா ஒரு கோடு இழுத்து, வெளிச்சத்துல நிக்க வச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை.”

“அவளால வர முடியாதும்மா.”

முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, பழைய பாட்டில் இருக்கா? போட்டோவாவது?”

“பாட்டில் வீடு மாத்தினப்போ எங்கயோ போயிடுச்சு. போட்டோவுல நிறம் பொய் சொல்லும். நான் அச்சாபீஸ்ல முப்பது வருஷம் மை கலந்தவன்மா. நீங்க ஒவ்வொண்ணா காட்டுங்க, நான் சொல்றேன்.”

இது ஆகிற காரியமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“மணிக்கட்டுல நரம்பு நீலமாத் தெரியுமா, பச்சையா?”

“பச்சை.” அவர் யோசிக்கவே இல்லை. “இடது கையில மட்டும் ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு போகும்.”

“தங்கம் எடுக்குமா, வெள்ளியா?”

“தங்கம். வெள்ளி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்தவ மாதிரி ஆயிடுவா.”

“வெயில்ல போனா?”

“முதல்ல மூக்கு நுனி சிவக்கும். அப்புறம் காது. கன்னம் கடைசியாத்தான். கோவம் வந்தா அப்படியே தலைகீழ்.”

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் தன் வீட்டு நினைப்பு வந்தது. போன மாதம் அவள் கன்னமெல்லாம் அலர்ஜியில் தடித்துக் கிடந்தது. மூன்றாவது நாள், தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து அவள் கணவன் கேட்டான்: “என்ன, முடி வெட்டிக்கிட்டியா?”

மனைவியின் மணிக்கட்டு நரம்பு எங்கே பிரிகிறது என்று தெரிந்த புருஷனும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறான். கொடுத்துவைத்த மகராசி, அந்தம்மா.

அதற்கப்புறம் அவளுக்கே வேகம் வந்துவிட்டது. வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து வரிசையாகக் கோடுகள் இழுத்தாள். பெரியவர் குனிந்து பார்த்தார். “இதுல மஞ்சள் தூக்கல்... இது சாம்பல் அடிக்குது... இது அவ அக்கா நிறம், அவ இல்ல” என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் இரண்டு மிஞ்சின.

“காயட்டும்” என்றார்.

“சரியாச் சொன்னீங்க சார். காஞ்சா ஒரு சாயல் மாறும். யாருக்கும் அந்தப் பொறுமை இல்ல.”

பத்து நிமிடம். அதற்குள் அவள் இன்னும் இரண்டு பேருக்கு லிப்ஸ்டிக் விற்றுவிட்டு வந்தாள். அவர் இடத்தை விட்டு அசையவில்லை. தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போல, மூச்சுக்கூடப் படாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதாம்மா” என்று ஒரு கோட்டைக் காட்டினார். “இவதான்.”

“சூப்பர் சார்! இதே ஷேடுல புதுசா ஒண்ணு வந்திருக்கு. காலையில போட்டா ராத்திரி வரைக்கும் அசையாது. வேர்வைக்கு வழியாது, துணியில ஒட்டவே ஒட்டாது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஒட்டாதா? அப்ப வேண்டாம். பழசே குடுங்க.”

“எல்லாரும் ஒட்டாததைத்தானே சார் கேப்பாங்க?”

“அவ போட்டது ஒட்டும்மா.”

சில ஆண்களுக்குச் சோப்பைக்கூட மாற்றினால் பிடிக்காது. அந்த ரகம் போலிருக்கிறது என்று பழைய பாட்டிலையே எடுத்து அழகாகச் சுற்றிக் கொடுத்தாள். மனசு கேட்கவில்லை, சொல்லியும்விட்டாள்:

“அம்மா ரொம்பக் குடுத்து வச்சவங்க சார்.”

“நான்தாம்மா” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் பாட்டிலோடு இலவசமாகத் தரவேண்டிய ஸ்பாஞ்சு மேசையிலேயே கிடப்பதைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிய காகிதம் பிரிந்து கிடந்தது. மடியில் ஒரு வெள்ளைச் சட்டை. விரல் நுனியில் ஃபவுண்டேஷனைத் தொட்டு, அந்தச் சட்டையின் தோள்பட்டையில் மெல்ல மெல்ல ஒற்றிக்கொண்டிருந்தார்.

“ஐயோ சார்! நல்ல சட்டையாச்சே, கறை போகாதே!”

அவர் நிமிர்ந்தார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி விழித்தார். பிறகு தானாகவே சொன்னார்:

“அவ கடைசியா சாஞ்சு படுத்த தோள்மா இது. மூணு வருஷமா துவைக்காம வச்சிருந்தேன்... நேத்து மருமக பாசமா துவைச்சு, தேச்சு, மடிச்சுக் குடுத்துட்டா.”